யோகோ சுனோ: இயந்திரம் வரைந்தவரின் கையில் பிறந்த பொறியாளர்

கோவை_வரைவாளன்

நண்பர்களே, ரொம்ப நாளாக எழுத நினைத்த இழை இது. பெல்ஜியக் காமிக்ஸ் என்றதும் நமக்கு டின்டின், லக்கி லூக், ஸ்மர்ஃப், தோர்கல் என்று பெயர்கள் வரிசைகட்டி வரும். அந்த வரிசையில் யோகோ சுனோ பெயரைச் சொல்ல இங்கே ஆள் குறைவு. 1970-ல் தொடங்கி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே மனிதர் எழுதி வரைந்த நாயகி. 30வது ஆல்பம் 2022-ல் வந்தபோது அவருக்கு வயது 88.

அந்த மனிதர் ரோஜே லெலூப். 1933-ல் பெல்ஜியத்தின் வெர்வியே ஊரில் பிறந்தவர், லியேஜ் நகரின் சான்-லுக் கலைப்பள்ளியில் படித்தவர். 'அலிக்ஸ்' தொடரை வரைந்த ஜாக் மார்ட்டினிடம் வண்ணம் தீட்டும் உதவியாளராகச் சேர்ந்தார். 1953-ல் டின்டினைப் படைத்த எர்ஜேவின் ஸ்டுடியோவுக்குப் போய் 1969 கடைசி வரை அங்கேயே இருந்தார். கிட்டத்தட்ட பதினேழு வருஷம்.

அந்தப் பதினேழு வருஷத்தில் அவர் என்ன வரைந்தார்? கார், ரயில், விமானம், கட்டடம். 1966-ல் 'கறுப்புத் தீவு' என்ற டின்டின் கதை புதுப்பிக்கப்பட்டபோது அதிலுள்ள விமானங்களை மறுபடி வரைந்தது இவர்தான். 'சிட்னி விமானம் 714' கதையில் கோடீஸ்வரர் கரீதாசின் விமானம் ஒன்று வருமே, இறக்கையைப் பின்னால் மடக்கிக்கொண்டு பறப்பது? அதை வடிவமைத்ததும் லெலூப். நிஜத்தில் அப்படி ஒரு விமானம் கிடையாது. ஆனாலும் எஞ்சின் எங்கே, எரிபொருள் தொட்டி எங்கே, இறக்கை எந்த அச்சில் திரும்பும் என்று உள்ளமைப்புப் படமே போட்டிருந்தார். அட்டையில் அவர் பெயர் இருக்காது. எர்ஜே பெயர் மட்டும்தான்.

நான் 22 வருஷமாக ஒரு பம்ப் தயாரிக்கும் இடத்தில் டிராஃப்ட்ஸ்மேன். முதலில் போர்டில் வரைந்தேன், இப்போது கணினியில். நாங்கள் போடும் படத்தின் மூலையில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். 'வரைந்தவர்' என்ற இடத்தில் இரண்டெழுத்து இனிஷியல், அவ்வளவுதான். அதனால் லெலூப் கதையை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஊர் பார்த்து வியந்த விமானத்தைப் போட்டவர் பெயர் ஊருக்குத் தெரியாது. அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் வெளியே வந்து தனக்கென ஒரு கதை தொடங்கும்போது யாரை நாயகியாக்குகிறார்? இயந்திரத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணை. மின்னணுப் பொறியாளர், கிளைடர் ஓட்டுவார், ஹெலிகாப்டர் ஓட்டுவார், ஐக்கிடோ தற்காப்புக் கலையில் கறுப்புப் பட்டை. துப்பாக்கியைவிட ஸ்க்ரூடிரைவரை நம்புகிறவர்.

யோகோவைப் புரிந்துகொள்ள இதுதான் வாசல் என்று நினைக்கிறேன். அவர் முதலில் பொறியாளர், நாயகி என்பதெல்லாம் அதன் பிறகு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மின்னணு_மலர்

அருமையான தொடக்கம் அண்ணா. ஒரு திருத்தம் மட்டும். யோகோ உருவானது நாயகியாக இல்லை, துணைப்பாத்திரமாக. 1968 வாக்கில், ஸ்மர்ஃப் படைத்த பெயோ, தன்னுடைய 'ஜாக்கி-செலஸ்தான்' தொடருக்கு ஒரு கதை போடும்படி லெலூப்பைக் கேட்டார். அதில் இரண்டு பையன்களுக்குப் பக்கத்தில் வந்துபோக ஒரு ஜப்பானியப் பெண்ணை லெலூப் உருவாக்கினார். முகத்துக்கும் பெயருக்கும் தூண்டுதல் ஜப்பானிய நடிகை யோகோ சுகாசா. அந்தக் கதை நிறைவேறவில்லை, ஆனால் அந்தப் பெண் அவர் மேசையை விட்டுப் போகவில்லை.

பெல்ஜியத்தின் ஸ்பிரூ வார இதழில் 1970 செப்டம்பரில் யோகோ முதன்முதலாக வந்தது ஒரு குறுங்கதையில். அதற்கு எழுத்தில் கைகொடுத்தவர் துப்பறியும் கதைகளில் ஊறிய மோரிஸ் தில்லியு. ஆக, முதல் அடியை லெலூப் தனியாக எடுத்து வைக்கவில்லை. பிறகு 1971-ல் தொடர்கதையாகவும் 1972-ல் ஆல்பமாகவும் வந்த 'விசித்திர மூவர்'தான் முழுக்க அவருடைய உலகம்.

அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். 'மூவர்'. தொலைக்காட்சி இயக்குநர் விக், கேமராக்காரர் பொல், இவர்களோடு யோகோ. விளம்பரப்படி பார்த்தால் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும். கதை நாலு பக்கம் நகர்வதற்குள் யார் வண்டியை ஓட்டுகிறார் என்பது தெரிந்துவிடும்.

சிவகாசி_ரசிகன்

நமக்குக் காமிக்ஸில் முதல் பெண் என்றால் மாடஸ்டிதான் சார். 1984-ல் தமிழில் வந்த லயன் காமிக்ஸ் முதல் இதழே மாடஸ்டி கதை. பத்து வயதில் அதைப் படித்துவிட்டு, பெண்கள் எல்லாரும் இப்படித்தான் சண்டை போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். யோகோ அந்த மாதிரியா? அடிதடி உண்டா?

மின்னணு_மலர்

அடிதடி உண்டு, ஆனால் கொலை வேண்டாம் என்பதில் யோகோ பிடிவாதம். மாடஸ்டி தினசரிப் பத்திரிகையின் படக்கதைத் துணுக்கில் பெரியவர்களுக்காக வந்தவர். யோகோ சிறுவர் வார இதழில் பிறந்தவர், அந்த வேறுபாடு பெரியது.

அந்தக் காலத்துச் சூழலையும் சொல்லியாக வேண்டும். பிரான்ஸில் 1949-ல் சிறுவர் இதழ்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. பெல்ஜியத்தில் அச்சடித்தாலும் விற்பனையில் பெரும்பங்கு பிரான்ஸில். எல்லையில் தடுத்துவிட்டால் பதிப்பகம் படுத்துவிடும். அதனால் பெண் பாத்திரம் என்றாலே பதிப்பாசிரியர்களுக்கு நடுக்கம். மார்பு கொஞ்சம் எடுப்பாக இருந்தால் அழி, பாவாடை குட்டையாக இருந்தால் நீட்டு. பெண்ணே இல்லாவிட்டால் தொல்லையே இல்லை என்று ஓவியர்கள் ஒதுங்கிவிட்டார்கள். ஸ்பிரூவில் ஓவியர் ஃபிராங்கன் 1950-களிலேயே செக்கோத்தீன் என்ற பெண் நிருபரைக் கொண்டுவந்தார், துடிப்பான பாத்திரம், ஆனால் கதை அவள் பெயரில் ஓடவில்லை. 1960-களின் நடுவில் ஸோஃபி, 1969-ல் இஸபெல், இருவரும் சிறுமிகள். 1970 பிப்ரவரியில் விமானப் பணிப்பெண் நத்தாஷா வந்தாள். அதே ஆண்டு செப்டம்பரில் யோகோ.

நத்தாஷாவை எனக்குப் பிடிக்கும். ஆனால் விமானத்தில் நத்தாஷா பயணிகளுக்குக் காபி கொடுப்பாள். யோகோ காக்பிட்டில் உட்காருவாள். ஒரே இதழ், ஒரே வருஷம்.

லியேஜ்_துளசி

வணக்கம் எல்லாருக்கும். நான் எட்டு வயசில குடும்பத்தோட யாழ்ப்பாணத்தில இருந்து பெல்ஜியம் வந்தனான். லியேஜ் பக்கத்திலதான் வளர்ந்தது. இந்தத் தலைப்பைப் பார்த்தவுடன எழுதாம இருக்க முடியேல்ல.

வந்த புதுசில எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் விளங்காது. பள்ளிக்கூடத்து ரீச்சர் என்னை வாசிகசாலையில படப்புத்தகம் இருக்கிற மூலையில விட்டிட்டுப் போவா. அங்க எடுத்த முதல் புத்தகம் 'பிசாசின் ஓர்கன்'. அட்டையில ஒரு பெண், கறுத்த நேர்மயிர், வெள்ளைக்காரி இல்லை. அதுவே எனக்குப் போதுமா இருந்தது.

பிறகு பாஷை பிடிபட்டாப் பிறகுதான் முதல் ஆல்பத்தை வாசிச்சனான். அதில யோகோ எப்பிடி அறிமுகமாகிறா எண்டு இஞ்ச ஒருத்தரும் சொல்லேல்ல. ராத்திரி ஒரு கட்டடத்துக்குள்ள களவா நுழையிற உருவத்தை விக்கும் பொல்லும் காணுவினம். கள்ளன் எண்டு நினைச்சுப் பின்னால போவினம். பார்த்தா அது ஒரு ஜப்பான்காரப் பெண், அந்த இடத்துப் பாதுகாப்பு ஏற்பாடு ஒழுங்கா வேலை செய்யுதா எண்டு சோதிக்கிற வேலைக்கு வந்தவ. படிச்ச படிப்பு மின்னணு, வேற நாட்டில வேலை தேடி வந்து கிடைச்ச வேலையைச் செய்யிறா. விக் தன்ர குழுவில ஒலிப்பதிவுக்கு அவவைச் சேர்த்துக்கொள்ளுவான்.

அப்பா இஞ்ச வந்து என்ன வேலை செய்தவர், ஊரில என்ன படிச்சவர் எண்டு எனக்குத் தெரியும். அதாலதான் அந்தப் பக்கங்களை இண்டைக்கும் மனப்பாடமாச் சொல்லுவன். சந்தேகப்பட்டுப் பின்னால வாற ரெண்டு பேர், திறமையைக் கண்டவுடன வேலை குடுக்கினம். யோகோ அழவோ கெஞ்சவோ இல்லை.

அதுக்குப் பிறகு மூண்டு பேரும் நிலத்தடி ஆற்றில படம் எடுக்கப் போய், பூமிக்குள்ள வாழுற நீலத்தோல் மனிசரிட்ட மாட்டுப்படுவினம். வினேயா எண்ட தூரத்துக் கிரகத்தில இருந்து தப்பி வந்து, பூமிக்கடியில ஒளிஞ்சு, நீண்ட உறக்கத்தில கிடந்து எழும்பின சனம். அகதிகள்தானே? அந்த வயசில எனக்கு அந்தச் சொல் தெரியாது, ஆனா அவையள் ஆர் எண்டு விளங்கினது.

கோவை_வரைவாளன்

தங்கச்சி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதையும் தட்டச்சு செய்ய முடியவில்லை. நான் யோகோவை வரைபலகை வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டம்_கட்டமாய்

எல்லாரும் மன்னிக்க வேண்டும், நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். யோகோவை நானும் விரும்பிப் படித்தவன். குறைகளையும் பேசுவோம்.

முதலாவது, இவர் ஓர் ஐரோப்பிய ஆண் கற்பனை செய்த ஜப்பானியப் பெண். தொடக்கத்தில் ஜப்பான் என்பது பெயரிலும் கிமோனோவிலும் மட்டும்தான் இருக்கிறது. 1979-ல் வந்த 'காற்றின் மகள்' வரைக்கும் அவருடைய வீட்டையோ அப்பாவையோ நாம் சரியாகப் பார்க்கவில்லை. எட்டு ஆல்பம் கழித்துத்தான் நாயகிக்கு ஒரு குடும்பம் வருகிறது.

இரண்டாவது, யோகோவிடம் குறை என்பதே இல்லை. பத்து மொழி, பத்து வாகனம், எதிலும் தோற்பதில்லை. டின்டினிடமும் குறை கிடையாது, ஆனால் அவருக்குப் பக்கத்தில் கோபக்காரக் கேப்டன் ஹேடாக் இருக்கிறார். இங்கே பொல் மட்டும் கொஞ்சம் சிரிக்கவைக்கிறார்.

மூன்றாவதுதான் முக்கியம். 1990-களுக்குப் பிறகு வந்த ஆல்பங்கள் மூச்சுமுட்டுகின்றன. ஒரு பக்கத்தில் அவ்வளவு வசனம், பலூனுக்குள் பலூனாக விளக்கம். விக்கும் பொல்லும் ஓரத்தில் நிற்கிறார்கள். தொடர் நெடுக அவ்வப்போது ஒரு புதுச் சிறுமி வந்து யோகோவோடு ஒட்டிக்கொள்கிறாள்: போக்கி, மோன்யா, காலைப்பனி, எமிலியா. பொறியாளராகத் தொடங்கியவர் கடைசியில் எல்லாருக்கும் அம்மாவாகிவிட்டார் என்பது என் வருத்தம்.

கோவை_வரைவாளன்

மூன்றாவது குறையில் பாதி எனக்கும் உண்டு. பிற்கால ஆல்பங்களின் வசன நெருக்கத்தை நானும் தாண்டித்தாண்டித்தான் படிப்பேன். அதை மறுக்கவில்லை.

ஆனால் பொறியாளர் எங்கேயும் போகவில்லை. 'பிசாசின் ஓர்கன்' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரைன் நதிக்கரையில் ஒரு கோட்டை, அதில் ஒரு பெரிய ஓர்கன், அதாவது குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் இசைக்கருவி. காது கேட்க முடியாத அளவுக்குத் தாழ்ந்த ஒலி, இன்ஃப்ராசவுண்ட், அதைக் கொண்டு மனிதனைக் கொல்ல முடியுமா என்பதுதான் கதையின் முடிச்சு. பேய்க்கதை போலத் தொடங்கும்: நள்ளிரவு, கோட்டை, நதியில் விழும் பெண். அந்தப் பயத்தை யோகோ எதைக்கொண்டு அவிழ்க்கிறார்? ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு. அவர் ஒலித் தொழில்நுட்பம் தெரிந்தவர் என்று முதல் ஆல்பத்தில் போட்ட விதை இங்கே முளைக்கிறது. அந்தக் கோட்டையும் நிஜம், சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசன் ஊருக்கு மேலே இருக்கும் காட்ஸ் கோட்டை. படத்தையும் புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், லெலூப் கல்லைக் கல்லாக வரைந்திருக்கிறார்.

'நித்தியத்துக்கான செய்தி' (1975) இன்னும் அழகு. 1933-ல் காணாமற்போன ஒரு பிரிட்டிஷ் விமானத்தைத் தேடிப் போகிறார், அதுவும் சின்னஞ்சிறு பறக்கும் வண்டி ஒன்றில். எர்ஜே ஸ்டுடியோவில் மற்றவர் கதைக்கு விமானம் போட்டுக்கொண்டிருந்த கை, இப்போது தன் நாயகியை அந்த இருக்கையில் உட்காரவைக்கிறது. அந்தப் பக்கங்களில் மேகத்துக்கும் இறக்கைக்கும் கொடுத்த இடத்தைப் பாருங்கள். அவசரமே இல்லை.

ஓவியத்தின் வளர்ச்சியையும் யாராவது பேச வேண்டும். முதல் குறுங்கதைகளில் எல்லார் மூக்கும் பெரிதாக இருக்கும், ஸ்பிரூ வீட்டுச் சிரிப்புப் பாணி. பின்னணி மட்டும் புளூபிரிண்ட் சுத்தம். அந்த முகமும் அந்த இயந்திரமும் ஒரே கட்டத்தில் ஒட்டாமல் நிற்கும். 1977-ல் 'உயிரின் எல்லை' வரும்போது முகங்களும் மெலிந்து, கண்ணில் ஈரம் வந்து, பின்னணியோடு சேர்ந்துவிடுகின்றன. இயந்திரத்துக்குப் பழகிய கை மனித முகத்தைக் கற்றுக்கொள்ள ஏழு வருஷம் எடுத்திருக்கிறது. நாயகி வளர்ந்தார் என்பதைவிட, அவரை வரைந்தவர் வளர்ந்தார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மின்னணு_மலர்

'உயிரின் எல்லை' என்று சொல்லிவிட்டு அதோடு விட்டுவிட்டீர்களே அண்ணா! எனக்கு அதுதான் இந்தத் தொடரின் சிகரம். ரோதன்பர்க் என்ற பழைய ஜெர்மன் ஊர். ரத்தக்காட்டேரி வந்து யோகோவின் தோழி இங்க்ரிட்டைத் தாக்கியதாகப் பேச்சு. தோண்டிப் பார்த்தால், 1945 போர்க்காலக் குண்டுவீச்சில் போன ஒரு சிறுமியை மீண்டும் எழுப்ப நடக்கும் ரகசிய முயற்சி. ரோதன்பர்க் மீது 1945 மார்ச் 31 அன்று நிஜமாகவே குண்டு விழுந்தது. சிறுவர் இதழில், 1977-ல், பெல்ஜிய ஓவியர் ஒருவர் ஜெர்மன் குழந்தையின் சாவுக்காக நம்மைக் கலங்கவைக்கிறார். லெலூப் போரின்போது பெல்ஜியத்தில் சிறுவனாக இருந்தவர், ஊரில் ஜெர்மன் படையைப் பார்த்த தலைமுறை. அதற்குப் பிறகும் யோகோவின் உயிர்த்தோழியாக அவர் வைத்தது இங்க்ரிட் என்ற ஜெர்மன் பெண்ணை. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

குறையே இல்லாத நாயகி என்று கட்டம்_கட்டமாய் சொன்னதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தபோது வகுப்பில் அறுபது பேரில் பெண்கள் ஒன்பது பேர். லேபில் ஆசிலோஸ்கோப்பைத் தொடுவது பையன்கள், ரீடிங் எழுதுவது நாங்கள். கை தவறி ஒரு ஐசி எரிந்தால் 'அதான் சொன்னோம்' என்ற பார்வை வரும். தப்புச் செய்ய எங்களுக்கு அனுமதி இருக்கவில்லை. அதனால் தப்பே செய்யாத யோகோ எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. எங்களிடம் எதிர்பார்க்கப்பட்டது அதுதான், அதை ஒரு பெண் சிரித்துக்கொண்டே செய்வதைப் பார்ப்பது அப்போது பெரிய ஆறுதல்.

லியேஜ்_துளசி

சிறுமிகளைப் பற்றிச் சொன்னதுக்கு நான் மறுமொழி சொல்லோணும்.

போக்கி ஆர் எண்டு நினைவிருக்கா? முதல் ஆல்பத்து வினேயாப் பெண் கானியின்ர இரட்டைச் சகோதரி. ரெண்டு பேரும் ஒரே நேரம் பிறந்தவை. ஆனா நீண்ட உறக்கத்தில இருந்து வேற வேற காலத்தில எழுப்பினதால கானி வளர்ந்த பெண், போக்கி இன்னும் சின்னப்பிள்ளை. தன்ர இரட்டையைத் தானே வளர்க்கிற அக்கா. மோன்யா 3872-ம் ஆண்டில இருந்து வாறா, அவவின்ர உலகமே அழிஞ்சு போச்சு, தகப்பன் கண் முன்னால சாகிறார். இவையள் கதையை நிரப்ப வந்த பிள்ளையள் இல்லை. எல்லாரும் ஊர் இழந்த பிள்ளையள். ஒருத்தரும் ரத்த உறவு இல்லை, ஆனா யோகோ கதவைத் திறக்கிறா.

1986-ல 'ஹொங்கொங் டிராகன்' கதையில வாற காலைப்பனியை யோகோ மகளா ஏற்கிறா. லெலூப்பும் மனைவியும் கொரியாவில இருந்து ஒரு பெண்பிள்ளையைத் தத்தெடுத்தவை. அவர் வீட்டில நடந்ததுதான் ஆல்பத்துக்குள்ள வந்தது. அதைத் தெரிஞ்ச பிறகு, 'பொறியாளர் அம்மாவாகிப் போனா' எண்டு என்னால குறையாச் சொல்ல ஏலாது. ஆசியாவில இருந்து பெல்ஜிய வீட்டுக்குள்ள வந்த ஒரு பிள்ளைக்கு, தன்னைப்போல முகம் உள்ள ஒருத்தி கதைக்குள்ள அம்மாவா இருக்கிறா. தகப்பன் தன்ர பிள்ளைக்குக் குடுக்கக்கூடியதில இதைவிட என்ன இருக்கு? எனக்கே அது கிடைச்சது, நான் அந்த வீட்டுப்பிள்ளையும் இல்லை.

கட்டம்_கட்டமாய்

துளசி அக்கா, தத்தெடுத்த விஷயம் எனக்குத் தெரியாது. காலைப்பனி பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆல்பத்தை நேற்று மறுபடி படித்தேன், இந்தத் தடவை வேறு புத்தகமாக இருந்தது.

வசன நெருக்கம் பற்றிய குறையை மட்டும் விடமாட்டேன். 'காலச்சுழல்' (1981) கதையில் போர்னியோ, எதிர்காலம், உலகப்போர்க் காலம் என்று மூன்று காலமும் வருகிறது, ஆனாலும் படம் பேசுகிறது, நாம் வழி தவறுவதில்லை. 2000-க்குப் பிறகு வந்தவற்றில் அந்தத் தெளிவு இல்லை. தொடக்கத்தில் தில்லியு போல ஒருவர் பக்கத்தில் இருந்து, 'இந்த பலூனை வெட்டு' என்று சொல்லியிருப்பார். பிறகு அப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன். ஐம்பது வருஷம் தன் நாயகியை வேறு யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்ததன் விலை அது.

கோவை_வரைவாளன்

அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் பக்கம். பெயர் இல்லாமல் பதினேழு வருஷம் வரைந்தவர் தன் பெயர் போட்ட ஒன்றை அடுத்தவர் கையில் கொடுக்க மனம் வராது. 1991-ல் யோகோவின் சிறுவயதைச் சொல்லும் 'விடியலின் நுரை' என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார், படக்கதையில் அடங்காதது அவ்வளவு இருந்திருக்கிறது. ஆனால் தம்பி சொன்ன தெளிவுக்குறைவு உண்மை, அதில் வாதாட மாட்டேன்.

சிவகாசி_ரசிகன்

எல்லாம் படித்தாயிற்று. நான் ஆங்கிலத்தில்தான் படிக்க முடியும். சினிபுக் பதிப்பில் 1-ம் எண் 'உயிரின் எல்லை' என்று இருக்கிறது, நீங்களோ அது 1977 கதை என்கிறீர்கள். குழப்பமாக இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

மின்னணு_மலர்

சினிபுக் 2007-ல் தொடங்கியபோது மூல வரிசையில் போகவில்லை, ஓவியம் முதிர்ந்த கதைகளை முன்னால் எடுத்துக்கொண்டார்கள். அதனால் அட்டையில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். 7-ம் எண்ணை முதலில் எடுங்கள், அதுதான் 'விசித்திர மூவர்'. அடுத்து 8, 'பிசாசின் ஓர்கன்', இங்க்ரிட் அறிமுகம் அங்கேதான். 10-ல் அண்ணா சொன்ன காணாமற்போன விமானம், 11-ல் வினேயாவுக்கே போகிறார்கள். அதற்குப் பிறகு 1-க்குத் திரும்பி வாருங்கள்.

லியேஜ்_துளசி

7-ஐ எடுத்தா அந்த ராத்திரிக் கட்டடப் பக்கங்களைக் கெதியாப் புரட்டிப் போட்டுடாதேங்கோ அண்ணை. விக்கும் பொல்லும் முதலில அவவை எங்க இருந்து காணுகினம், அவ எப்ப திரும்பிப் பார்க்கிறா எண்டு ஒருக்கா ஆறுதலாப் பாருங்கோ. பார்த்திட்டு இஞ்ச வந்து எழுதுங்கோ.

சிவகாசி_ரசிகன்

7-ம் எண் ஆர்டர் போட்டாயிற்று. வந்ததும் எழுதுகிறேன்.